வாளியை யார் தூக்கினார்கள்?

வடிகால்கள் வெட்டப்பட்டன. சதுப்பு நிலம் வற்றவைக்கப்பட்டது. கழிப்பிடங்கள் நாள்தோறும் துப்புரவு செய்யப்பட்டன. மலாயாவின் சுகாதார வரலாற்றை எந்த மொழியில் படித்தாலும் இந்த மூன்று வாக்கியங்கள் ஏதோவொரு வடிவில் எதிரே வந்து நிற்கும். வெட்டியவர் யார், வற்றவைத்தவர் யார், துப்புரவு செய்தவர் யார் என்று அவை சொல்வதில்லை. செயப்பாட்டு வினை ஆளை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது. காப்பாரில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தமிழ் விக்கிப்பீடியாவில் இந்த மாதிரி வாக்கியங்களோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கும் ஊர் காப்பார். முன்பு சுற்றிலும் பால்மரம் என்கிற ரப்பர், பிறகு செம்பனை, இப்போது தாமான்கள் எனப்படும் வீட்டுக் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் கொள்கலன் லாரிகளும். பல தோட்டங்கள் போய்விட்டன. அவற்றின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிப் பலகைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். இளம் வயதில் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த முன்னாள் மருத்துவ உதவியாளர் ஒருவர், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் தங்கை ஒருத்தி, கழிவுத் தொட்டிகளை உறிஞ்சும் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், கணக்கெழுதிப் பிழைக்கும் நான். சில வாரங்களில் புதிதாக யாராவது வருவார்கள். தலைப்பைக் கேட்டதும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் ஒரு கோயில் மண்டபத்தின் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்தோம். ஏதோ ஊர் வரலாறு எழுதுகிறோம் என்று நினைத்து இடம் கொடுத்த பெரியவர், சுவரில் பெரிதாகத் தெரிந்த வாளிக் கக்கூஸின் (மலம் அடியில் வைத்த வாளியில் விழும், ஒருவர் அதைத் தூக்கிப்போய்க் கொட்டுவார்) குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்து, "இதையெல்லாம் சாமி இருக்கிற இடத்தில் பேசலாமா?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். நாங்களும் வாதாடாமல் ஒரு டியூஷன் மையத்தின் மாடிக்கு மாறிக்கொண்டோம். இந்த வரலாறு எழுதப்படாமல் போனதற்கு அந்தக் கவலைதான் பாதிக் காரணம் என்பது என் எண்ணம். எழுதத் தெரிந்தவர்கள் யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை என்பது மறுபாதி.

எல்லோரையும் போல நாங்களும் லண்டனிலிருந்துதான் தொடங்கினோம். அங்கே எடுத்த இடமெல்லாம் சான்று கிடைக்கிறது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டது, அதன்பின் ஜோசப் பேசல்கெட் என்ற பொறியாளர் நகருக்கு அடியில் பெரும் கழிவுக் கால்வாய்களைக் கட்டியது, எல்லாவற்றுக்கும் ஆவணம் உண்டு. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் மலக்குழிகளை இரவில் மட்டுமே அள்ள அனுமதிக்கப்பட்ட கூலியாட்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அவர்களின் காலத்தில், 1326இல், 'ரேக்கர்' ரிச்சர்ட் என்ற துப்புரவாளர் அழுகிய பலகை முறிந்து மலக்குழிக்குள் விழுந்து இறந்தார். பிண விசாரணை ஏட்டில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. இதைப் படித்த அன்று வரலாறு படிக்கும் தங்கை சொன்னாள்: "லண்டனில் 1326இல் செத்தவருக்குப் பெயர் இருக்கிறது, சார். காப்பாரில் 1926இல் வாளி தூக்கியவருக்கு இல்லையே."

அந்த அறுநூறு ஆண்டு எங்களைக் கொஞ்சம் உறுத்தியது. லண்டனை அப்படியே வைத்துவிட்டு மலாயாப் பக்கம் திரும்பினோம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. யாரும் எழுதலாம், ஆனால் எதையும் எழுதிவிட முடியாது. ஏற்கெனவே நம்பகமான ஓரிடத்தில் வெளியான செய்திக்குத்தான் அங்கே இடம். சொந்த ஆய்வு கூடாது. ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதினால் யாராவது வந்து 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுப் போவார்கள். தாத்தா சொன்னார், பாட்டி பார்த்தாள் என்பதெல்லாம் செல்லாது. எங்களைப் போன்றவர்களுக்கு இது கசப்பான விதி. ஆனாலும் நல்ல விதி என்றே சொல்வேன். இந்த விதி இல்லாவிட்டால் மலாயாவைக் கட்டியதே தன் கொள்ளுத்தாத்தாதான் என்று வீட்டுக்கொரு கட்டுரை முளைத்திருக்கும்.

ஆக, ஏற்கெனவே அச்சில் இருப்பதிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அச்சில் இருப்பதை எழுதியவர்களோ மருத்துவர்களும் துரைமார்களும் அரசு அதிகாரிகளும்தான். அந்தத் தாள்களுக்குள்ளிருந்து வாளி தூக்கியவரை எப்படி வெளியே கொண்டுவருவது? எங்கள் வேலை அதுதான்.

நாங்கள் இருக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா கப்பலடி ஆட்களையும் அலுவலர்களையும் படுக்கப்போட்டது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்கு நிலைமை போனது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் நிறுவி அப்போது நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. வாட்சன் காட்டை அழித்துச் சதுப்பை வற்றவைக்கும் வேலையைத் தொடங்கினார். அவர் தரும் கணக்குப்படி, கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901இல் இறந்தவர்கள் 582 பேர். அடுத்த ஆண்டு 144. அந்த இரண்டு எண்களும் உலகம் சுற்றின.

இந்த இடத்தில் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. 'வடிகால்கள் வெட்டப்பட்டன' என்ற வரியைத் 'தமிழர்கள் வடிகால் வெட்டினார்கள்' என்று மாற்ற வேண்டும் என்றார் தலைமையாசிரியர். அவர் கண்ணில் ஈரமே வந்துவிட்டது. மருத்துவ உதவியாளர் ஐயா மட்டும் அசையவில்லை. "எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். தோட்டங்களைப் பற்றிய பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர்கள் வருகிறார்கள், ஐயமே இல்லை. ஆனால் இந்த நாட்டில் காடு அழிப்பதிலும் வடிகால் வெட்டுவதிலும் சீன ஒப்பந்தக்காரர்களின் ஆட்களும் ஜாவானியரும் பெருமளவில் இருந்தார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வீட்டுக் கக்கூஸ் வாளிகளைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். நம் முன்னோர் உழைப்பு மறைக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டே இன்னொருவரின் முன்னோரை மறைத்துவிட்டால் அதைவிட அசிங்கம் வேறில்லை. கடைசியில், மூலம் எந்த இடத்தில் ஆளைச் சொல்கிறதோ அங்கே மட்டும் ஆளைப் போட்டோம். சொல்லாத இடத்தில் 'தொழிலாளர்கள்' என்று எழுதினோம். அதற்கே செயப்பாட்டு வினை பாதி குறைந்துவிட்டது.

வாட்சனின் கதையில் எனக்குப் பிடித்தது வெற்றியடைந்த பகுதி அல்ல. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா குறைந்தது. அங்கே நோய் பரப்பிய அனோபிலஸ் அம்புரோசஸ் நிழலான சதுப்பில் முட்டையிடும் கொசு. ஆனால் மலைச்சரிவில் இருந்த தோட்டங்களில் காட்டை அழித்ததும் மலேரியா கூடியது. அங்கே இருந்தது அனோபிலஸ் மாக்குலேட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் அதற்குப் பிடித்த இடம். காட்டை அழித்த தோட்டக்காரர்களே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு நிலத்துக்கடியில் குழாய் பதிப்பதும், ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் வழக்கமாயின. எண்ணெய் தெளிப்பதை ஒருமுறை செய்து விட்டுவிட முடியாது. கொசுப்புழு வளர்ந்து பறப்பதற்குள் மறுபடி தெளிக்க வேண்டும். ஆகவே வாரந்தோறும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், யாரோ ஒருவர் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஓடையாக நடந்தார். தோட்டத்தில் அவரைக் கொசு எண்ணெய்க்காரர் என்பார்கள் என்று மருத்துவ உதவியாளர் ஐயா சொன்னார். மலேரியா ஒழிப்பு என்று புத்தகங்கள் பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் இவர்களின் நடைதான்.

மலேரியாவுக்கு அடுத்தது கொக்கிப்புழு. கக்கூஸ் இங்கேதான் நேராக உள்ளே வருகிறது.

மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமான மண்ணில் பொரிந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். தோல் வழியாக அது நுழைவதைக் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர், புழுக்கள் நிறைந்த நீர் தற்செயலாகத் தன் கையில் சிந்தியபோது கண்டுபிடித்தார். தோட்டத்தில் இதற்குத் தற்செயல் தேவைப்படவில்லை. மலம் கழிக்க மரக்காடே கொல்லை. வெறுங்காலோடு பால் வெட்டப் போகும் வழியும் அதுதான்.

ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய ஆய்வுக் குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பீஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. தலைவர் சாமுவேல் டார்லிங், பனாமாக் கால்வாய்ப் பகுதியில் பணியாற்றியவர். அறிக்கை 1920இல் வெளியானது. அதில் எங்களைப் பிடித்து நிறுத்தியது ஆய்வு முறைதான். ஒருவருக்குள் எத்தனை புழுக்கள் இருக்கின்றன என்று அறிய மருந்து கொடுத்து, அதன்பின் வெளியேறும் மலம் முழுவதையும் சேகரித்து, நீரில் கழுவிச் சலித்து, புழுக்களை எண்ணினார்கள். ஆளுக்கு இத்தனை புழு என்ற அட்டவணைகள் அப்படிப் பிறந்தவை.

சேகரித்தது யார்? கழுவியது யார்? சலித்தது யார்? கேட்டது லாரி அண்ணன். நாங்கள் அட்டவணையை மொழிபெயர்ப்பதிலேயே மூழ்கியிருந்தோம். மருத்துவர்களே உட்கார்ந்து அத்தனையையும் சலித்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் நம்பிக்கையைக் கட்டுரையில் எழுத முடியாது. மூலத்தில் இருக்கும் முறையைப் படிப்படியாக, ஒரு வேலையாகத் தெரியும்படி எழுதினோம். முன்பு அந்த இடத்தில் 'புழு எண்ணிக்கை கணக்கிடப்பட்டது' என்று மட்டும் எழுதி வைத்திருந்தோம்.

லாரி அண்ணன் வந்த பிறகுதான் எங்கள் வேலைக்கு முதுகெலும்பு வந்தது என்று சொல்ல வேண்டும். அவருக்கு ஆங்கில அறிக்கைகள் படிக்க நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. கேள்வி மட்டும் கேட்பார். வாளி எந்த உலோகம், துருப்பிடிக்காதா? நிறைந்த வாளியை எடுத்தால் வெறும் வாளியை உடனே வைத்தார்களா, இல்லை அதையே கொட்டிக் கழுவித் திரும்ப வைத்தார்களா? எங்கே கொட்டினார்கள்? கழுவிய தண்ணீர் எங்கே போனது? தூக்குகிறவர் காய்ச்சலில் படுத்தால் அடுத்த நாள் யார்? இன்று தொட்டி உறிஞ்சுகிறவர் கேட்கும் கேள்விகள் இவை. மேலே மிதக்கும் ஏடு, நடுவில் நீர், அடியில் படியும் சேறு என்று ஒரு தொட்டியைப் பார்க்காமலேயே சொல்லிவிடுகிறவர் அவர்.

அந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு பழைய சுகாதாரக் கையேடுகளைப் படித்தபோது, முன்பு கண்ணில் படாதவை பட்டன. வாளிகளுக்குத் தார் பூசினார்கள். மலத்தின்மேல் காய்ந்த மண்ணோ சாம்பலோ தூவும் முறை இருந்தது. ஹென்றி மோல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1860இல் காப்புரிமை வாங்கிய மண் கக்கூஸ் அதற்கு முன்மாதிரி. 1877இல் ஜான் ஜேயஸ் காப்புரிமை பெற்ற கிருமிநாசினி காலனி நாடுகளெங்கும் போய்ச் சேர்ந்தது. அள்ளியதை நீளமான பள்ளங்களில் கொட்டி மண்ணால் மூடினார்கள், அல்லது எரித்தார்கள். சில இடங்களில் காய்கறித் தோட்டக்காரர்களுக்கு உரமாக விற்றார்கள். பின்னர் ஜாவாவில் ராக்பெல்லர் மருத்துவர்கள் பரப்பிய துளைக்குழிக் கக்கூஸ் முறையில், துரப்பணத்தால் ஆழமாகத் துளையிட்டு மேலே ஒரு பலகை போட்டுவிட்டால் தினமும் அள்ளும் வேலையே இல்லை. தோட்ட நிர்வாகத்துக்கு இது மலிவு. வாளி தூக்கியவருக்கு இது விடுதலையா, வேலையிழப்பா? இதையும் லாரி அண்ணன்தான் கேட்டார். பதில் எந்தக் கையேட்டிலும் இல்லை.

பட்டணங்களில் வாளி முறை நீண்ட காலம் நீடித்தது. கோலாலம்பூரின் சுகாதார வாரியம் 1890இல் உருவானது. சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றி சிம்ப்சன் என்ற பேராசிரியர் 1907இல் கொடுத்த அறிக்கை, நெருக்கமான கடைவீடுகளுக்குப் பின்னால் சந்து வேண்டும் என்றது. இன்று நாம் பழைய நகரங்களில் படம் எடுத்துப் போடும் பின்சந்துகள் பலவற்றில், வாளி எடுப்பவர் முன்வாசல் வழியாக வராமல் போய்வந்தார். சிங்கப்பூரில் கடைசி வாளிகள் நின்றது 1987இல். நம் நாட்டில் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் வந்தது 1993இல். தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புக்கும் அடிப்படை வசதிகளுக்கும் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் 1990இல். இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால், இது ஏதோ பழங்காலக் கதை என்ற நினைப்பு போய்விடும். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

வாய்மொழிக்கு இடமில்லை என்று தெரிந்தும் நாங்கள் பெரியவர்களைத் தேடிப் போனோம். கட்டுரைக்காக அல்ல, எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ள. மலிவுவிலை அடுக்ககம் ஒன்றில் ஒரு பெரியம்மாவைப் பார்த்தோம். அவருடைய அப்பா தோட்டத்தில் கக்கூஸ் வாளி தூக்கியவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் மணி அடிக்கும் முன்பே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கக்கூஸையும் தோட்ட எழுத்தரான கிராணியின் வீட்டையும் முடித்துவிட்டு வந்துவிடுவாராம். பால் சுமக்கவும் காண்டாக் கம்பு, அதாவது இருபுறமும் வாளி தொங்கும் தோள் கம்பு, இதற்கும் காண்டாக் கம்பு. ஆனால் அப்பாவின் கம்பை யாரும் தொடமாட்டார்கள், கொட்டகைக்குப் பின்னால் தனியாகச் சாத்தி வைத்திருப்பார்கள் என்றார். கள்ளுக்கடையில் அவருக்குத் தனி இடம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி. பெரியம்மா இதையெல்லாம் அழாமல், சிரித்துக்கொண்டே, யாரோ அண்டை வீட்டாரின் கதை போலச் சொன்னார். ஒரே ஒரு விஷயத்தில் குரல் உயர்ந்தது: "எங்கள் அப்பா வேலை பார்த்த நாளில் கக்கூஸ் நாறியதே இல்லை. டிரசரே சொல்லியிருக்கிறார்." டிரசர் என்றால் தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளர்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்தார். "அப்பா பெயரைப் போட்டுவிடாதே, கண்ணு. பேத்திக்கு இப்போதுதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம்."

தங்கைக்கு அது பெரிய அடி. பெயர் இல்லாததுதான் அநியாயம் என்று சொல்லிக்கொண்டு போனவள் அவள். பெயர் கிடைத்தது, ஆனால் எழுதக் கூடாது. 'ரேக்கர்' ரிச்சர்டின் பேத்திக்கு இன்று யாரும் பெண் கேட்டு வரப்போவதில்லை. இங்கே அந்த வாளியின் நிழல் மூன்றாம் தலைமுறைத் திருமணப் பேச்சு வரைக்கும் நீண்டிருக்கிறது. லாரி அண்ணன் அன்று திரும்பும் வழியில் அதிகம் பேசவில்லை. தன் பிள்ளைகள் பள்ளிப் படிவத்தில் அப்பாவின் தொழில் 'ஓட்டுநர்' என்று மட்டும் எழுதுவதாகச் சொன்னார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்கள் எழுத்தின் போக்கு மாறியது. பெயர்களைத் தேடுவதை விட்டோம். வேலையை முழுமையாக எழுதுவது என்று முடிவு செய்தோம். எந்த நேரம், எந்தக் கருவி, எவ்வளவு தூரம், எங்கே கொட்டியது, எந்த நோய் தொற்றும் அபாயம், எந்தச் சட்டம். ஒரு பொறியாளரின் பாலத்தைப் பற்றி எழுதும்போது எவ்வளவு நுட்பமாக எழுதுவார்களோ அவ்வளவு நுட்பமாக ஒரு வாளியைப் பற்றியும் எழுதலாம். ஒருவருடைய பெயரைச் சொல்லாமலேயே அவர் செய்தது திறமையான, ஆபத்தான, தவிர்க்க முடியாத வேலை என்று காட்டிவிட முடியும். மரியாதை என்ற சொல்லைக் கட்டுரையில் ஓரிடத்திலும் எழுதாமல் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் கலைக்களஞ்சியத்தில் உணர்ச்சிச் சொற்களுக்கு வேலையில்லை. என் நடையை இந்தக் கட்டுப்பாடு திருத்தியது. வலைப்பதிவில் நான் எவ்வளவு புலம்புகிறவன் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சாதியை எங்கே வைப்பது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. இந்தியாவைப் பற்றிய கட்டுரைகளில் அது தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் அங்கே 1993இலும் 2013இலும் வந்தன. அதற்காகப் போராடி 2016இல் மகசேசே விருது பெற்ற பெசவாடா வில்சன் பிறந்த இடம் கோலார் தங்கவயல். ஒரு கம்பெனி கட்டிய குடியிருப்பு, கம்பெனி வைத்த உலர் கக்கூஸ், அதைச் சுத்தம் செய்யக் குறிப்பிட்ட சாதிக் குடும்பங்கள். தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அந்த ஊரின் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் தோன்றுவது சான்றாகாது. மலாயாத் தோட்டங்களில் சாதி எப்படி வேலையைப் பங்கிட்டது என்று ஆய்வாளர்கள் எழுதியிருப்பதை மட்டும் எடுத்து, அவர்கள் பார்த்த தோட்டத்துக்கு மட்டும் பொருந்தும்படி எழுதுகிறோம். தலைமையாசிரியருக்கு இதிலும் மனக்குறை உண்டு. நம் வீட்டு அழுக்கை ஏன் உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பார். வெள்ளைக்காரன் செய்ததை மட்டும் எழுதி நாம் செய்ததை விட்டுவிட்டால் கட்டுரை பாதிதான் என்பது என் கட்சி. விக்கிப்பீடியாவில் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் இது எங்கள் இருவர் பெயரிலும் பதிவாகியிருக்கிறது. விரும்புகிறவர்கள் படித்துச் சிரிக்கலாம்.

தொழிலாளர்களே பேசிய தாள்களில் என்ன இருக்கிறது என்றும் பார்த்தோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தம் இந்தப் பக்கத்து வரலாற்றில் முக்கியமானது. தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் கைதானதும், துருப்புகள் வந்ததும், தொழிலாளர்கள் சுடப்பட்டதும் பல நூல்களில் உண்டு. சீனருக்கு இணையான கூலி, துரைக்கு முன்னால் சைக்கிளில் இருந்து இறங்காமல் போகும் உரிமை, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது, முறையான மருத்துவ வசதி என்று அந்தக் கோரிக்கைகள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. பரவலாக அச்சாகியிருக்கும் அந்தப் பட்டியலில் கக்கூஸ் இல்லை. சைக்கிள் இருக்கிறது, கக்கூஸ் இல்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. போராடுகிறவர்கள் எதை முதலில் கேட்பார்கள் என்பதும் ஒரு செய்திதான்.

சான்றுக்கு எங்கள் பெரிய ஊற்று சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்மயமாக்கிய பழைய செய்தித்தாள்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அங்கே இருக்கிறது. ஆங்கிலத் தாள்களில் தேடும்போது 'லெட்ரின்' (கழிப்பிடம்) என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். 'நைட் சாயில்' (அள்ளிய மலம்), 'கன்சர்வன்சி' (துப்புரவுப் பணி), 'ஸ்கேவஞ்சர்' (துப்புரவாளர்) என்று அந்தக் காலத்து அலுவலகச் சொற்களைப் போட்டால் கொட்டும். சிலாங்கூர்ச் செயலகத்தின் பழைய கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மலாயாவில் இருந்த இந்திய அரசின் முகவர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளில் தோட்டக் குடியிருப்பைப் பற்றிய பகுதிகள் உண்டு. மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார், துரை கூலியைப் பார்க்கிறார், முகவர்தான் கொஞ்சமாவது குடியிருப்பைப் பார்க்கிறார். ஒரே லயத்தைப் பற்றி மூவரும் எழுதியிருந்தால் அது எங்களுக்குப் பெருநாள்.

1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் பழைய பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. தேடுபொறி எட்டாத இடங்களில் நம் கண்தான் தேடுபொறி.

இன்னொரு ஊற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை: மலர்கள். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா மலர், கோயில் குடமுழுக்கு மலர், தொழிற்சங்கக் கிளை மலர். வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் போக நடுவில் பழைய மாணவர் ஒருவர் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருப்பார். அதில் ஒரு பத்தி தண்ணீர்க் குழாய், கிணறு, கக்கூஸ் பற்றி இருக்கும். அச்சான பொருள், ஆண்டு தெரியும், வெளியிட்டது யார் என்று தெரியும். கவனமாக, எழுதியவரின் நினைவு என்று குறிப்பிட்டுப் பயன்படுத்தினால் உரையாடல் பக்கத்தில் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. வீட்டில் பழைய செக்ரோல் வைத்திருக்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். பெயருக்கு நேரே என்ன வேலை, எத்தனை நாள் என்று எழுதிய ஏடு அது. அதைக் கட்டுரையில் நேரடியாகச் சான்றாக வைக்க முடியாது. ஆனால் பரணில் செல்லரிப்பதைவிட ஆவணக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொடுத்தால் நாளை ஓர் ஆய்வாளர் எடுப்பார். அவர் எழுதியதை நாளை மறுநாள் நாங்கள் எடுப்போம்.

இப்போது வாளிக் கழிப்பிடம் பற்றிய கட்டுரையில் மலாயாவுக்கென்று ஒரு பகுதி வளர்ந்துவருகிறது. கொக்கிப்புழுக் கட்டுரையில் 1915 ஆய்வுக் குழுவின் முறை விளக்கமாகச் சேர்ந்திருக்கிறது. வாட்சனைப் பற்றிய பகுதியில் மலைத்தோட்டங்களில் ஏற்பட்ட தோல்வியைச் சேர்த்ததை யாரோ ஒருவர் நீக்கினார், காரணம் கேட்டோம், விவாதித்தோம், பக்க எண்ணோடு மீண்டும் சேர்த்தோம். படம்தான் இன்னும் பிரச்சினை. கிடைக்கும் பழைய படங்களில் எல்லாம் புதிதாகக் கட்டிய கக்கூஸ் வெயிலில் பளிச்சென்று நிற்கிறது, பக்கத்தில் தொப்பி போட்ட துரை நிற்கிறார். அடுத்து எண்ணெய் தெளிப்புப் பற்றித் தனிக் கட்டுரை எழுதப் போகிறோம். மருத்துவ உதவியாளர் ஐயா குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். லாரி அண்ணனின் கேள்விப் பட்டியல் ஏற்கெனவே வந்துவிட்டது. முதல் கேள்வி, அந்த டின் நிறைந்திருக்கும்போது எத்தனை கிலோ.

உங்கள் வீட்டில் தோட்டத்துப் பள்ளி மலரோ கோயில் மலரோ சங்க மலரோ இருந்தால், 1980க்கு முந்தையதாக இருந்தால் இன்னும் நல்லது, தோட்ட வாழ்க்கை பற்றிய பக்கங்களைத் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். அட்டையையும், அச்சகத்தின் பெயரும் ஆண்டும் இருக்கும் பக்கத்தையும் மறக்காமல் சேர்த்து எடுங்கள். அந்தப் பக்கம் இல்லாமல் வருவது எவ்வளவு சுவையாக இருந்தாலும் தலைமையாசிரியர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.